தகவல் சமுதாயமும் திருத்த மனுவும்

‘தகவல் சமுதாயம்’ என்னும் சொல்லை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். வேளாண்மைச் சமுதாயம் தொழிற்சமுதாயமாக மாறியதைப் போல, தொழிற்சமுதாயம் இப்போது தகவல் சமுதாயமாக மாறிவருகிறது என்பது இதன் கருத்து. ஜப்பானிய அறிஞர் யோனெஜி மசுதா 1980-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஒரு நாட்டின் செல்வத்தை நிலக்கரியையும் எஃகையும் கொண்டு அளந்த காலம் போய், தகவலைக் கொண்டு அளக்கும் காலம் வரும் என்றார்கள். வளரும் நாடுகள் இதில் பின்தங்கிவிடலாகாது என்ற கவலையும் உடன் பிறந்தது.

அந்தக் கவலையின் விளைவாகத்தான் நம் நாட்டில் கணிப்பொறி அரசு அலுவலகங்களுக்குள் வந்தது. இன்று முன்னேற்றம் எவ்வளவு என்று கேட்டால் உடனே கணக்குச் சொல்கிறார்கள். இத்தனை கோடி அடையாள எண்கள் கொடுத்தோம், இத்தனை லட்சம் சான்றிதழ்கள் கணிப்பொறி வழியே வழங்கினோம், இத்தனை ஆயிரம் சேவை மையங்கள் திறந்தோம் என்று பட்டியல் நீளுகிறது. இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றிய ஒரு விமரிசனம். கணிப்பொறி வேண்டாம் என்று வாதிட வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் எண்ணைக் காணோம். ஒரு பதிவில் பிழை இருந்தால், அதற்கு உரியவர் அதைத் திருத்திக்கொள்ள எத்தனை நாள் ஆகிறது, எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்பதே அந்த எண். மற்ற எண்கள் எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம் என்பது என் எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

இதைப் பார்ப்பதற்கு டோக்கியோவுக்குப் போக வேண்டியதில்லை, வேங்கிக்கால் போதும். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் இவ்வூர் இருக்கிறது. அண்ணாமலையாரையும் கார்த்திகைத் தீபத்தையும் காண வரும் வெளியூர்க்காரர்களுக்கு வேங்கிக்கால் என்பது வழியில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. மாவட்டத்து மக்களுக்கோ வேங்கிக்கால் என்றால் கலெக்டர் ஆபீஸ். 1989-ஆம் ஆண்டில் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டத்தை உருவாக்கினார்கள். வந்தவாசி, செய்யாறு பக்கத்து உழவரானாலும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் மலைவாசியானாலும், பெரிய முறையீடு என்றால் வந்து சேரும் இடம் இதுதான்.

 தமிழ்நாட்டில் மின்னாளுகைக்கு முன்னோடி மாவட்டமாக 1999-2000 வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டது திருவாரூர். நிலப் பதிவேடு, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் ஓய்வூதியம் என்று வட்ட அலுவலகத்தின் அன்றாட வேலைகள் ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்கு மாறத் தொடங்கின. ஆக, தமிழ்நாட்டில் இந்தக் கணிப்பொறிக்கு வயது கால் நூற்றாண்டுக்கு மேல். புதிதாக வந்தது, போகப்போகச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்ல முடியாத வயது!

திங்கட்கிழமைக் கூட்டம்

தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் போல, இங்கும் திங்கட்கிழமைதான் மக்கள் குறைதீர்க்கும் நாள். கையில் மஞ்சள் பையோடும், பையில் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டைகளோடும் மக்கள் வருகிறார்கள். வாசலுக்கு அருகே மனு எழுதித் தருபவர்களும் நகலெடுக்கும் கடைகளும் உண்டு. கணிப்பொறி வந்தபின் இந்த நகலெடுக்கும் கடைகள் மறைந்துவிடும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். ‘காகிதமில்லா அலுவலகம்’ என்று அதற்கு அழகான பெயர்கூட வைத்திருந்தார்கள். கடைகளுக்குக் குறைவொன்றும் நேரவில்லை.

கணிப்பொறியால் நன்மை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் சிட்டா நகல் வேண்டுமானால் கிராம அதிகாரி ஊரில் இருக்கும் நாள் பார்த்து, அவர் மனநிலை பார்த்துப் போக வேண்டும். இன்று செல்பேசியிலேயே நம் பட்டாவைப் பார்த்துவிடலாம். நகல் எடுக்கக் கெஞ்ச வேண்டியதில்லை. இது சிறிய மாற்றமன்று. கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் காத்துக்கிடந்த தலைமுறையைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

ஆனால் நன்றாகக் கவனியுங்கள். கணிப்பொறி விரைவாக்கியது ஒரு பதிவைப் படிக்கும் வேலையை. திருத்தும் வேலை அந்த அளவுக்கு விரைவாகவில்லை. திங்கட்கிழமை மனுக்களில் வீட்டுமனையும் சாலையும் குடிநீரும் கேட்பவை பல. அவற்றோடு, ‘என் பெயர் தவறாக இருக்கிறது’, ‘என் நிலம் வேறொருவர் பெயரில் காட்டுகிறது’, ‘நான் உயிரோடிருக்கும்போதே என் ஓய்வூதியம் நின்றுவிட்டது’ என்பவையும் வருகின்றன. இவை புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றுதான் கேட்கின்றன.

ஏழுமலையின் 48 பெயர்கள்

பிழை எப்படிப் பிறக்கிறது? ஒரு பெயரைக் கொண்டே ஆராயலாம். ஏழுமலை என்பது இப்பகுதியில் தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர். தமிழில் இதை எழுத ஒரே வழிதான். ஆங்கில எழுத்தில் எழுதும்போதோ முதல் எழுத்தான ‘ஏ’யை ‘இ’ என்றும் எழுதலாம், ‘ஒய்-இ’ என்றும் எழுதலாம், ‘ஏ-இ’ என்றும் எழுதலாம். ஆக மூன்று. ‘ழு’வுக்கு ‘இஸட்-எச்’ போடுவாரும் உண்டு, வெறும் ‘எல்’ போடுவாரும் உண்டு. இது இரண்டு. கடைசி ‘லை’யில் ‘ஏ-ஐ’ போடுவாரும் ‘ஐ’ மட்டும் போடுவாரும் உண்டு. இன்னும் இரண்டு. மூன்றையும் இரண்டையும் இரண்டையும் பெருக்கினால் 12. தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரலாம், பின்னால் வரலாம், விடுபட்டுப் போகலாம், அல்லது தகப்பனார் பெயரே முழுதாக வரலாம். 12-ஐ 4-ஆல் பெருக்குங்கள். ஏழுமலை ஒருவரே, ஆனால் அவருக்கு 48 பெயர்கள்!

மனிதக் கண்ணுக்கு இவை அனைத்தும் ஒருவரே. கணிப்பொறிக்கு அப்படியன்று. அது எழுத்துகளை எண்களாகவே அறியும். இரண்டு எண்வரிசைகளில் ஓரிடம் மாறினாலும் அதற்கு அவை வேறு வேறு. குடும்ப அட்டையில் ஒருவிதமாகவும் வங்கிக் கணக்கில் வேறுவிதமாகவும் பெயர் இருந்தால், இரண்டையும் இணைக்கும்போது ‘பொருந்தவில்லை’ என்று சொல்லிவிடும்.

‘கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒப்பிடச் சொல்லலாமே’ என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கும் கணிதம் வழி சொல்கிறது. ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு முறை. சோவியத் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தது. ‘எல்’ போட்ட ஏழுமலைக்கும் ‘இஸட்-எச்’ போட்ட ஏழுமலைக்கும் உள்ள தொலைவு இம்முறைப்படி 2. தொலைவு 2 வரை ஒருவரே என்று கொள்ளலாமா? கொண்டால் வேறு சங்கடம் வருகிறது. ராமனையும் ரமணனையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அவர்களுக்கிடையிலும் தொலைவு 2-தான். ரமணர் வாழ்ந்த ஊரில் ரமணன்களுக்குப் பஞ்சமில்லை. ராமனின் பணம் ரமணனுக்குப் போனால் என்ன ஆகும்!

அப்படியானால் தமிழிலேயே பதிந்தால் தீர்ந்ததல்லவா? பெரும்பகுதி தீரும். ஆனால் அங்கும் ஒரு கதை உண்டு. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் தயாரித்த ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். ஓர் எழுத்துருவில் தட்டிய பட்டியலை வேறோர் எழுத்துருவில் திறந்தால் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும். இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடி, விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தும், தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றது 2010-இல். வட்ட அலுவலகங்களில் தட்டச்சு தொடங்கிப் பத்தாண்டுகள் கழிந்த பின்பு என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பழைய குறியீட்டிலிருந்து புதியதற்கு மாற்றும்போது எழுத்துகள் சிதைந்தால், அந்தச் சிதைவும் பதிவாகிவிடும்.

யூனிகோடிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘ஏழுமலை’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணிப்பொறிக்கோ ஆறு எண்: ஏ, ழ, உகரக் குறி, ம, ல, ஐகாரக் குறி. ‘கோவிந்தன்’ இன்னும் வேடிக்கை. அதன் ‘கோ’வைக் ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே எண்ணைச் சேர்த்தும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டு எண்களைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கட்டளையை நிரல் எழுதுபவர் சேர்க்காமல் விட்டுவிட்டால், கோவிந்தன் இரண்டு பேராகி விடுவார். ‘என் பெயர் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் பொருந்தவில்லை?’ என்று அவர் கேட்டால் சேவை மையத்தில் இருப்பவருக்கும் பதில் தெரியாது.

ஆதார் பதிவில் நடந்தது இதைவிட வருத்தமானது. பல இடங்களில் பெயரை ஆங்கிலத்தில் தட்டினார்கள். தமிழ் வடிவை இயந்திரமே ஒலிபெயர்த்துக் கொடுத்தது. தமிழரின் தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. போன ‘ழ’ திரும்பும்போது ‘ல’ ஆனது; ‘ண’ ‘ன’ ஆனது. அதையே அசல் என்று வைத்துக்கொண்டு பிற அட்டைகளை அதற்கேற்பத் திருத்திவரச் சொல்கிறார்கள். அசலாக வைத்துக்கொண்ட அந்தப் பெயரை மாற்றவோ, வழக்கமான முறையில் வாழ்நாளில் இரண்டே வாய்ப்புகள்தாம். பிறந்த தேதிக்கு ஒன்றே ஒன்று.

எண்ணுக்குக் காவல் உண்டு, பெயருக்கு இல்லை

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். 12 இலக்க ஆதார் எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால் இயந்திரம் உடனே கண்டுபிடித்துவிடும். எப்படி? கடைசி இலக்கம் ஒரு காவல் இலக்கம். முன்னுள்ள 11 இலக்கங்களைக் கொண்டு கணக்கிட்டு அதை அமைக்கிறார்கள்.

இதன் அடிப்படையை எளிய முறையில் காணலாம். 4712 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களைக் கூட்டினால் 14. அதன் ஒன்றாம் இலக்கம் 4. அதைக் கடைசியில் சேர்த்து 47124 என்று வைத்துக்கொள்வோம். யாரேனும் 7-ஐ 1 என்று படித்து 41124 என்று எழுதினால், கூட்டுத்தொகை 8, கடைசியில் இருப்பது 4, பிழை வெளிப்பட்டுவிடும். ஆனால் இடம் மாற்றி 74124 என்று எழுதினால் கூட்டுத்தொகை மாறாது, பிழை தப்பிவிடும். இடமாற்றப் பிழையையும் பிடிக்கும் முறை ஒன்றை டச்சுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-இல் அளித்தார். தனி இலக்கப் பிழை எதுவும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய பிழை எதுவும் இதற்குத் தப்பாது. ஆதார் எண்ணில் இருப்பது இந்தக் காவல்தான்.

பாருங்கள், இயந்திரம் கொடுத்த எண்ணுக்கு இவ்வளவு கணிதம் காவல் நிற்கிறது. தாய் தகப்பன் வைத்த பெயருக்கு ஒரு காவலும் இல்லை. பெயருக்குக் காவல் அமைக்கக் கணிதம் பயன்படாது. தட்டியதைச் சத்தமாகப் படித்துக்காட்டி, உரியவரின் தலையசைப்பைப் பெற்றுக்கொண்டால் போதும். ஒரு பதிவுக்கு அரை நிமிடம் கூடுதலாகும். ‘ஒரு நாளைக்கு இத்தனை பதிவு’ என்று இலக்கு வைத்து வேலை வாங்கும்போது அந்த அரை நிமிடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

பழைய பிழையும் ஜமாபந்தியும்

பிழைகளெல்லாம் கணிப்பொறியோடு பிறந்தவை என்று சொல்வது நியாயமாகாது. பல பிழைகள் அதைவிட மூத்தவை. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. மக்கள் வாயில் அது யு.டி.ஆர். ஊர் ஊராகச் சென்று யார் நிலம் எது என்று புதிதாகப் பதிந்தார்கள். அப்போது பெயர் மாறியும், உட்பிரிவு மாறியும், சில இடங்களில் தனியார் நிலம் புறம்போக்கென்றும் எழுதப்பட்டது. பின்னர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கணிப்பொறியில் ஏற்றினார்கள். இன்றும் வருவாய் அலுவலகங்களில் ‘யு.டி.ஆர். பிழைத் திருத்தம்’ என்று ஒரு தனி மனு வகையே உண்டு. நாற்பதாண்டுக் காலத்துப் பேனாப் பிழை இன்று செல்பேசித் திரையில் பளிச்சென்று தெரிகிறது. தாளில் இருந்தவரை அது சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. திரைக்கு வந்ததும் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது!

கைக்கணக்குக் காலத்தில் ஒரு பிழை ஒரு பேரேட்டில் இருந்தது. இப்போது பதிவேடுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. பட்டாவைப் பார்த்துப் பயிர்க் காப்பீடும், பயிர்க் கடனும், உழவர் உதவித்தொகையும் முடிவாகின்றன. ஓரிடத்துப் பிழை நான்கு இடங்களில் வேலை செய்கிறது. ஆனால் மூலத்தில் திருத்தினால் திருத்தம் தானாக நான்கு இடங்களுக்கும் போகிறதா? பெரும்பாலும் இல்லை. பிழைக்கு மின்சார வேகம். திருத்தத்துக்குப் பேருந்து வேகம்.

பழைய முறையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயம். பசலி ஆண்டு முடிவதற்கு முன், மே, ஜூன் மாதங்களில், ஊர்க்கணக்குகள் அனைத்தையும் ஓர் உயர் அதிகாரி முன் விரித்து வைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்வார். அந்த ஊர்க்காரர்கள் அங்கேயே நின்று தங்கள் குறையைச் சொல்லலாம். இன்றும் வட்ட அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. கர்ணம், மணியக்காரர் ஆட்சியில் அநியாயங்கள் நிறைய நடந்தன. 1980-இல் அப்பதவிகளை ஒழித்ததும் அதனால்தான். ஆனால், ‘கணக்கில் பிழை இருக்கத்தான் செய்யும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊருக்கு முன் வைத்துப் பார்க்க வேண்டும்’ என்ற எண்ணம் அந்த அமைப்பில் இருந்தது. அதற்கும் முன்னே போனால், அண்ணாமலையார் கோயில் மதில்களில் நிலக்கொடைகளை எல்லை விவரத்தோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஊர் பார்க்கும் இடத்தில், ஊர் பேசும் மொழியில்! கணிப்பொறிப் பதிவேட்டுக்கு இதுவரை ஒரு ஜமாபந்தி ஏற்படவில்லை. தன் பதிவைத் தனியே ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் செல்பேசியும் படிப்பும் வேண்டும்.

விரலும் வரம்பும்

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020 அக்டோபர் முதல் விரல்ரேகை பார்த்துப் பொருள் தரும் முறை வந்தது. விரல்ரேகை ஒப்பீட்டை ‘ஆம், இல்லை’ என்ற விடை தரும் சோதனை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு மதிப்பெண். பழைய பதிவிலுள்ள ரேகை முனைகளும் கிளைகளும் இன்று வைத்த விரலில் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று இயந்திரம் மதிப்பிடுகிறது. ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் தேர்ச்சி. வரம்பை உயர்த்தினால் அயலார் நுழைவது குறையும். உரியவர் தோற்பது கூடும். தாழ்த்தினால் நேர்மாறு. இரண்டையும் ஒருசேரச் சுழியாக்கும் வரம்பு கிடையாது. எங்கே கோடு போடுவது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. யாரோ ஒரு மனிதர் தீர்மானிக்கிறார்.

ஒரு கடையில் 1,000 அட்டைகள் என்றும், 100-க்கு 2 பேர் தோற்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 98 விழுக்காடு வெற்றி என்று அறிக்கை எழுதலாம். கடை வாசலில் 20 குடும்பங்கள் நிற்கும். அந்த 20 யார் என்று பார்த்தால், குருட்டுச் சீட்டில் விழுந்தவர்களாக இருக்கமாட்டார்கள். கல்லுடைத்து, நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்தவர்களும், முதுமையால் தோல் சுருங்கியவர்களும்தாம். உடலுழைப்பு எங்கே மிகுதியோ அங்கே இயந்திரம் தடுமாறுகிறது. கருவிழி பார்ப்பது போன்ற மாற்று வழிகள் உண்டு. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும், சரிபார்ப்பு தோற்றதற்காக உரியவருக்குப் பயன் மறுக்கப்படலாகாது என்ற நிலையைப் பதிவுசெய்தது. ஆனால் அந்த மாற்று வழியை நினைவில் வைத்திருந்து கேட்க வேண்டியவர், வரிசையில் நிற்கும் அந்தப் பாட்டிதான்.

முன்பு எழுத்தர் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கணிப்பொறி அதைச் செய்கிறது என்பது பாதி உண்மை. மீதியை மனுதாரர் செய்கிறார். இரண்டு அலுவலகப் பதிவுகளை ஒப்பிட்டு, எது தவறு என்று கண்டு, சான்று தேடி, நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுப்பது இப்போது அவர் பொறுப்பு. அதற்கு ஒரு நாள் கூலி போகிறது. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் ஓய்வூதியத்துக்காக இரண்டு மூன்று முறை பேருந்தேறினால், ஒரு மாதத் தொகையில் கணிசமான பங்கு வழியிலேயே கரைந்துவிடும். சேவை மையத்தின் கணக்கிலோ இவை ஒவ்வொன்றும் ‘வழங்கப்பட்ட ஒரு சேவை’. பிழை மிகுந்தால் சேவை எண்ணிக்கையும் மிகும்!

செல்வ நாடுகளிலும்

வறுமையும் எழுத்தறிவின்மையும் உள்ள நாட்டில் இப்படித்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்குக் கணிப்பொறி முறையைக் கொண்டுவந்தது. அதன் நிரலில் குறைகள் இருந்தன. கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்று கதறினார்கள். கணிப்பொறி சரியாகவே இயங்கியதென்று நீதிமன்றம் முதலில் கொள்ளலாம். தவறென்று சொல்பவர்தான் காட்ட வேண்டும் என்ற நிலை 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அங்கே வந்திருந்தது. நிரலைப் பார்க்கவே வழியில்லாதவர் அதன் பிழையை எப்படிக் காட்டுவார்? 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். 2019-இல் உயர்நீதிமன்றம் நிரலின் குறைகளை உறுதிசெய்தது. 2024-இல் தனிச் சட்டமே இயற்றி அத்தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது.

எஸ்தோனியா வேறுவிதமாகப் போனது. 2001-இல் அரசுப் பதிவேடுகளை இணைத்தபோதே, குடிமகன் ஒருமுறை தந்த விவரத்தை வேறோர் அலுவலகம் மறுபடி கேட்கக்கூடாது என்ற கொள்கையை நோக்கி நகர்ந்தது. தன் பதிவை எந்த அலுவலர் எப்போது பார்த்தார் என்பதையும் குடிமகன் காணலாம். இதை நம்மவர்கள் மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அந்நாட்டின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 24,64,875. ஆகவே ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் இரண்டு அலுவலகங்களுக்கிடையே தாள் சுமப்பது குடிமகன் வேலையன்று என்ற கொள்கைக்கு மக்கள்தொகை தடையாக இருக்க நியாயமில்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தில், விண்ணப்பங்களை மின்நுகர்வு, நிலம், வருமானம் போன்ற பதிவுகளோடு ஒப்பிட்டுத் தகுதி பார்த்தார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் தெரிவித்து, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் தந்தார்கள். அதன்பின் நவம்பரில் மேலும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். பதிவேட்டின் முதல் சொல்லே முடிவான சொல்லாக இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வெளியே நின்றிருப்பார்கள்! காரணம் சொல்வதும், கேட்க ஒரு மனிதரை வைப்பதும், நாள் வரம்பு வைப்பதும் எவ்வளவு தூரம் பயன்படுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. குறை ஒன்றுதான்: முறையீட்டுக்கும் இணையத்தையே நாட வேண்டியிருந்தது.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. உரிமை ஏட்டில் வந்தாயிற்று. வட்ட அலுவலகத்துக்கு அது எப்படி வரும்? என் யோசனை, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம், ஜமாபந்தியை விரிவாக்குங்கள் என்பது. ஊருக்கு ஒருநாள் பட்டா, குடும்ப அட்டை, ஓய்வூதியம் மூன்றின் பதிவையும் கொண்டுவந்து, உரியவருக்குத் தமிழில் படித்துக் காட்டட்டும். எழுத்துப்பிழையை அங்கேயே திருத்தும் அதிகாரம் வந்திருக்கும் அலுவலருக்கு இருக்கட்டும். யார் திருத்தினார், எதை எதுவாகத் திருத்தினார் என்பதைக் கணிப்பொறி குறித்துக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த எழுத்தர் இல்லை. நிலத்தின் உரிமை பற்றிய தகராறுகள் இப்படி ஒருநாளில் தீராது. ‘ழ’வும் ‘ல’வும் தீரும். எத்தனை நாளில் எத்தனை தீர்ந்தன என்று வேங்கிக்கால் அலுவலக வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும்.

மாணவ வாசகர்கள் இதற்கு முன்னோடியாக ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டில் உள்ள முதியவர் ஒருவரின் ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா நகல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அவர் பெயர் ஒவ்வொன்றிலும் தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி, பிறந்த தேதி என்ன என்று ஒரு தாளில் ஐந்து வரிசையாக எழுதுங்கள். பிறகு அவரிடமே அவர் பெயரைச் சொல்லச் சொல்லி, ஆறாவது வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.